எஞ்சினின் மூச்சு

சென்ற கோடை விடுமுறையின்போது என் தமக்கையின் மகன் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என்முன் வைத்தான். அவன் அப்பொழுதுதான் ஒரு பழைய மோட்டார் வண்டியை விலைக்கு வாங்கியிருந்தான். டர்போச்சார்ஜர் பொருத்திய வண்டி. அந்தக் காகிதத்தில் ஒரு கடைக்காரர் மூன்று பொருள்களின் பெயரையும் விலையையும் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றும் எஞ்சினுக்குள் காற்றை அனுப்பும் சாதனங்களே. முதலாவது, வண்டியோடு வந்த காற்றுப் பெட்டிக்குள்ளேயே வைக்கத்தக்க, எண்ணெய் தோய்ந்த பருத்தி வடிகட்டி. இரண்டாவது, அந்தப் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டுக் குழாயின் முனையில் செருகும் கூம்பு வடிவமான திறந்த வடிகட்டி. மூன்றாவது, அதே கூம்பைச் சுற்றி ஒரு மறைப்பும், வண்டியின் முன்முகத்தின் அடிப்பகுதிவரை நீண்ட ஒரு குழாயும் சேர்ந்தது. விலையும் அந்த வரிசையிலேயே ஏறிக்கொண்டு போயிற்று.

“மாமா, இவற்றுள் எதை வாங்கட்டும்?” என்று கேட்டான்.

ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்தவுடன் ஒரு மலைச் சிகரமும், ஒரு பாலைவன விமானத் தளமும், ஸ்பெயின் நாட்டில் நடந்த ஒரு மோட்டார்ப் பந்தயமும் நினைவுக்கு வந்தன. எஞ்சினுக்கு மூச்சுவிடும் வழியைத் தேர்ந்தெடுப்பது நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய பிரச்சினை. அதனால் உயிருக்கு ஆபத்து நேர்ந்ததுண்டு. ஒரு வீரன் உலகப் பட்டத்தைப் பறிகொடுத்ததும் உண்டு. அந்தக் கதையைத்தான் அன்று அவனுக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்ல எண்ணுகிறேன்.

மாணவ நண்பர்களே, பெட்ரோலால் ஓடும் எஞ்சின் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது காற்றால் ஓடும் எஞ்சின் என்று சொன்னாலும் தவறில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கனஅளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஒரு சிறு பம்ப்பினால் உள்ளே செலுத்திவிடலாம். காற்றோ பஞ்சுபோல் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் புகுந்த அளவுதான் கிடைக்கும். ஆகவே எஞ்சினின் வலிமை அது குடிக்கும் எண்ணெயால் மட்டும் அமைவதன்று. அது இழுக்கும் மூச்சே அந்த வலிமைக்கு எல்லை வகுக்கிறது.

இந்த எல்லையைத் தாண்டுவதற்கு வழி கண்டவர் சுவிட்சர்லாந்து தேசத்தில், விண்டர்தூர் நகரில் பிறந்த ஆல்ஃபிரட் பியூக்கி என்னும் பொறியியல் அறிஞர். எஞ்சினில் எரிந்த எண்ணெயின் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவும் புகையாகவும் வீணே வெளியேறிப் போவது அவர் மனத்தை உறுத்தியது. வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவது. அதே அச்சில் மாட்டிய இன்னொரு சக்கரத்தால் புதுக் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுவது. இதுவே அவர் கண்ட வழி. 1905-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அவர் பதிவு செய்த ஜெர்மன் உரிமைப் பத்திரத்தில் இந்தக் கருத்து இடம் பெற்றிருக்கிறது. ஆனால் கருத்து பிறந்த அளவில் கருவி பிறந்துவிடவில்லை. செந்தழலாய்க் காயும் புகையைத் தாங்கிக்கொண்டு அத்தனை வேகத்தில் சுழலக்கூடிய உலோகமும் தாங்கிகளும் அன்று இல்லை. பின்னும் இருபது ஆண்டுகள் உழைத்த பிறகே, 1920-களின் நடுவில், ஜெர்மானியக் கப்பல்கள் இரண்டின் டீசல் எஞ்சின்களில் அவருடைய முறை வெற்றி கண்டது. 1,750 குதிரைச் சக்தி தந்துகொண்டிருந்த எஞ்சின் 2,500 தந்தது. எஞ்சினைப் பெரிதாக்காமலே கிடைத்த வலிமை அது.

இதற்கிடையே முதல் உலகப் போர் வந்துவிட்டது. ஆகாய விமானங்கள் மேலே ஏற ஏற எஞ்சின்கள் மூச்சுத் திணறின. உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்தது அல்லவா? பிரான்ஸில் ரத்தோ என்னும் பேராசிரியர் புகையால் சுழலும் அழுத்தியை விமான எஞ்சினில் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் அந்தப் பணி ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஸான்ஃபோர்டு மாஸ் என்பவரிடம் வந்து சேர்ந்தது.

மாஸ் செய்த சோதனையை நான் எப்பொழுதும் வியப்பதுண்டு. மேலே பறக்கும் விமானத்தில் இருந்துகொண்டு எஞ்சினின் வலிமையை அளப்பது எளிதன்று. தரையிலோ காற்று அடர்த்தியாக இருக்கிறது. என்ன செய்வது? எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறுவது என்று அவர் முடிவு செய்தார்! கொலொராடோ மாநிலத்தில் பைக்ஸ் சிகரம் என்று 14,000 அடிக்கு மேற்பட்ட மலை ஒன்று உண்டு. 1918-ஆம் ஆண்டில் ‘லிபர்ட்டி’ என்னும் பன்னிரண்டு சிலிண்டர் விமான எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றி, அந்தச் சிகரத்தின் உச்சிக்கே கொண்டு சென்றார்கள். தாழ்நிலத்தில் 350 குதிரைச் சக்தி தந்த அந்த எஞ்சின், உச்சியில் 230 மட்டுமே தந்தது. மூன்றில் ஒரு பங்கு மலைக்காற்றிலே கரைந்துவிட்டது. பிறகு டர்போச்சார்ஜரை இணைத்து ஓட்டினார்கள். 356 குதிரைச் சக்தி கிடைத்தது! மலை உச்சியில் நின்றுகொண்டே அந்த எஞ்சின் சமவெளிக் காற்றைச் சுவாசித்தது என்றுதான் சொல்லவேண்டும்.

1920-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஷ்ரோடர் என்னும் அமெரிக்க விமானி, மாஸின் கருவி பொருத்திய விமானத்தில் 33,000 அடிக்கு மேல் ஏறி உலக சாதனை படைத்தார். அங்கே விந்தையான ஒரு விபரீதம் நேர்ந்தது. எஞ்சினுக்குக் காற்று கிடைத்தது, விமானிக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஆக்ஸிஜன் நின்றுபோக, அவர் நினைவிழந்தார். விமானம் தலைகீழாய்ப் பல மைல் விழுந்தது. அடர்த்தியான காற்றுக்குள் வந்தபின் நினைவு திரும்பி, குளிரால் உறைந்து பார்வை மங்கிய கண்களோடு, எப்படியோ தரையிறங்கினார். இயந்திரத்தின் மூச்சைப் பற்றிய அக்கறையில் மனிதனின் மூச்சு சற்றுப் பின்தங்கிவிட்டது போலும்.

இதுவரை சொன்னவை தூய்மையான காற்றைப் பற்றிய கதைகள். மண்ணில் ஓடும் எஞ்சினுக்கு வேறொரு பகை உண்டு. அதுதான் புழுதி. அமெரிக்க உழவர்களின் டிராக்டர்கள் அந்நாளில் சில வாரங்களிலேயே தேய்ந்துபோனதற்குக் காரணம், வயற்புழுதி சிலிண்டருக்குள் புகுந்து, எண்ணெயோடு கலந்து, சாணைக் கல்லின் வேலையைச் செய்ததுதான். டிராக்டர் விற்பனையாளராக இருந்த ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர் 1915-இல் இதற்கென ஒரு காற்று வடிகட்டியைச் செய்தார். அதைப்போலவே பலரும் செய்தனர். ஆனால் வடிகட்டி வந்தவுடன் ஒரு புதிய தொல்லையும் உடன் வந்தது. புழுதியைத் தடுக்கும் துணி காற்றையும் ஓரளவு தடுக்கும். புழுதி நுழையாத அளவுக்கு நெருங்கிய துணி வேண்டும். மூச்சு முட்டாத அளவுக்குத் தளர்ந்த துணியும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அன்றுமுதல் இன்றுவரை எல்லா வடிகட்டிகளும் ஊசலாடுகின்றன.

அந்த ஊசலாட்டம் உயிர்ப் பிரச்சினையாக மாறிய இடம் வட ஆப்பிரிக்காவின் பாலைவனம். இரண்டாம் உலகப் போரில் அங்கே சென்ற பிரிட்டிஷ் விமானங்களின் எஞ்சின்களை மணல் தின்றது. ஆகவே ‘ஸ்பிட்ஃபயர்’ விமானங்களுக்கு வோக்ஸ் என்னும் பெயருடைய பெரிய வடிகட்டி ஒன்றை மூக்கின் அடியில் பொருத்தினார்கள். பார்த்தால் தாடை வீங்கிய மனிதனைப்போல் தோன்றும். எஞ்சின் பிழைத்தது, ஆனால் வேகம் குறைந்தது, ஏறும் விரைவும் குறைந்தது. 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள், முற்றுகையிடப்பட்டிருந்த மால்ட்டாத் தீவுக்கு ஒரு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 15 ஸ்பிட்ஃபயர்கள் பறந்து சென்று சேர்ந்தனவே, அவற்றின் மூக்கடியிலும் அந்தத் தாடை இருந்தது. மேலிருந்து பாயும் பகைவனைவிட ஒரு சில விநாடிகள் முந்தி உயரம் ஏறினால் பிழைக்கலாம் என்ற நிலையில் போரிட்ட விமானிகளுக்கு, வடிகட்டி தின்ற வேகம் சிறிய விஷயமாகத் தோன்றியிருக்குமா?

இதற்கு மாற்றுக் கண்டவர்கள் விமானத்தைச் செய்த தொழிற்சாலைக்காரர்கள் அல்லர் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. எகிப்தில், அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகில் அபூகீர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1798-இல் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை முறியடித்த அதே அபூகீர்தான். அங்கே இருந்த விமானப் படையின் பழுதுபார்க்கும் நிலையத்தில், இன்னும் சிறிதாகவும் காற்று வழுக்கிச் செல்லத்தக்க வடிவோடும் வேறொரு வடிகட்டியை அமைத்தார்கள். அது அபூகீர் வடிகட்டி என்றே பெயர் பெற்றது. தொழிற்சாலை கொடுத்ததைக் கழற்றிவிட்டு, களத்தில் இருப்பவன் தன் தேவைக்கேற்ற வேறொன்றைப் பொருத்திக்கொண்டான். என் மருமகன் கொண்டுவந்த காகிதத்துக்கும் அதற்கும் உறவு இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு வேறுபாடு. அபூகீரில் இருந்தவர்கள் தாங்கள் எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்பதைப் பழுதான எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து அறிந்தவர்கள்.

ஜெர்மானிய விமானங்களின் பாலைவன வடிகட்டியில் விமானியே திறந்து மூடக்கூடிய கதவு இருந்தது. தரையிலிருந்து கிளம்பும்போது கதவை மூடி வடிகட்டி வழியே மூச்சு விடுவது. புழுதிக்கு மேலே எழும்பியபின் திறந்துவிடுவது. பின்னாளில் வந்த ஸ்பிட்ஃபயர்களிலும் இத்தகைய மாற்றுவழி அமைந்தது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மோட்டார் வண்டிக்கு இது பயன்படாது. அது ஒருநாளும் புழுதிக்கு மேலே எழும்பப் போவதில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அஞ்சவேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். வெளிக்காற்றின் அழுத்தத்தை 100 என்று கொள்வோம். அதை 1.8 மடங்காக்கினால் எஞ்சினுக்கு 180 கிடைக்கும். இப்பொழுது வடிகட்டியில் 5 குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயரில் இருந்த அழுத்திச் சக்கரம் புகையால் சுழல்வதன்று. எஞ்சினோடு பல்சக்கரத்தால் பிணைக்கப்பட்டது. தன் முழு வலிமையில் சுழலும் உயரத்தில் அதனால் அதே 1.8 மடங்குதான் ஆக்கமுடியும். ஆகவே 95 உள்ளே போனால் 171 வெளியே வரும். வாயில் இழந்தது 5. வயிற்றில் இழந்தது 9. சிறிய வடிகட்டி பெரிய வேறுபாட்டைச் செய்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இன்றைய டர்போ வண்டியில் நிலைமை வேறு. 180 வேண்டும் என்று கணக்கிட்டுப் புகையின் போக்கைத் திருத்தும் ஓர் அடைப்பான் அதில் உண்டு. உள்ளே 95 மட்டும் வந்தால், சக்கரத்தை இன்னும் சற்று விரைவாய்ச் சுழலவிட்டு, அதே 180-ஐ அது கொண்டுவந்து கொடுத்துவிடும். 1.8 மடங்குக்குப் பதில் ஏறத்தாழ 1.9 மடங்கு, அவ்வளவே. எனவே வடிகட்டியை மாற்றியவுடன் குதிரைச் சக்தி பாய்ந்து ஏறிவிடும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. சக்கரத்தின் சுமை சற்றுக் குறையும். அது விழித்தெழும் நேரமும் சற்றுக் குறையலாம். தன் எல்லைவரை உழைத்துக்கொண்டிருக்கும் டர்போச்சார்ஜருக்குத்தான் மூச்சுவழியைத் தளர்த்துவதால் பெரும் பயன் உண்டு.

அழுத்தத்தைவிடச் சூட்டைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். காற்றை அழுத்தினால் சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் தெரியும். 30 பாகை வெப்பமுள்ள காற்றை, நூற்றுக்கு எழுபது பங்கு திறமையுள்ள ஓர் அழுத்தி 1.8 மடங்காக்கினால், அது ஏறக்குறைய 110 பாகை ஆகிவிடும். எஞ்சினுக்கு அருகே காய்ந்துகிடக்கும் 60 பாகைக் காற்றை அதே அழுத்திக்குக் கொடுத்தால், வெளியே வருவது கிட்டத்தட்ட 150 பாகை. நுழையும்போது 30 பாகை வேறுபாடு. வெளிவரும்போது அது 38 பாகையாகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எரிபொருள் காலத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டவும் அது ஏதுவாகும். இடையில் குளிர்விப்பான் ஒன்று இருந்தாலும் அது முழுவதையும் திருத்திவிடாது. பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சின் அருகே திறந்த கூம்பைச் செருகுகிறவன், தளர்ந்த வழியில் வெந்த காற்றை ஊட்டுகிறான். நின்று நின்று செல்லும் நகரத் தெருவில் இந்த நஷ்டம் இன்னும் அதிகம்.

டர்போச்சார்ஜர் மோட்டார் வண்டிக்கு வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ‘ஜெட்ஃபயர்’, ஷெவர்லே ‘கார்வேர்’ என்னும் இரண்டு வண்டிகள் இதனோடு விற்பனைக்கு வந்தன. ஜெட்ஃபயரில் முன்கூட்டிய வெடிப்பைத் தவிர்ப்பதற்காக, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அதற்கென ஒரு தனிக் கலம் இருந்தது. வண்டிக்காரர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். இரண்டு ஆண்டுகளோடு ஜெட்ஃபயர் நின்றுபோயிற்று. 1977-இல் ஸ்வீடனின் ஸாப் கம்பெனி, பந்தயத்துக்கன்றி அன்றாடப் பயணத்துக்கு உகந்த டர்போ வண்டியைக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டில் ரெனோ கம்பெனி டர்போ எஞ்சினுடன் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியது. அடிக்கடி புகை கக்கி நின்ற அந்த மஞ்சள் வண்டியைத் தேநீர்க் கெண்டி என்று எள்ளி நகையாடினார்கள். 1979-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தீஷோன் நகர்ப் பந்தயத்தில் அந்தக் கெண்டியே முதலில் வந்தது. மாஸ் தம் எஞ்சினைத் தூக்கிச் சென்றாரே, அந்தப் பைக்ஸ் சிகரத்தின்மேல் 1987-ஆம் ஆண்டில் வால்ட்டர் ரோல் என்பவர் டர்போ பூட்டிய ஆவ்டி வண்டியை 10 நிமிடம் 47.85 விநாடியில் ஓட்டிச் சென்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்பெயின் நாட்டுக் கதை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

டர்போ வண்டிகளின் வேகம் கட்டுக்கடங்காமல் போனபோது, ராலி என்னும் நெடும்வழிப் பந்தயங்களை நடத்தும் சர்வதேசச் சங்கம் ஓர் எளிய கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. எஞ்சினைத் தொடாமல் அதன் மூக்கைப் பிடித்தது! காற்று முழுவதும் டர்போச்சார்ஜருக்குள் நுழையுமுன் ஒரு குறுகிய வளையத்தைக் கடந்துதான் போகவேண்டும். 1995-ஆம் ஆண்டில் அந்த வளையத்தின் குறுக்களவு 34 மில்லிமீட்டர். இதில் உள்ள பௌதிக உண்மை அழகானது. குறுகிய துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், பின்னால் எத்தனை வலிமையோடு உறிஞ்சினாலும் அதற்குமேல் காற்று வராது. அந்த வளையத்தின் வழியே விநாடிக்கு ஏறக்குறைய 200 கிராம் காற்றுதான் செல்ல இயலும். எவ்வளவு சிறந்த எஞ்சினாக இருந்தாலும் சரி, அவ்வளவு காற்றுக்கு உரிய சக்தியைத்தான் அது பெறமுடியும்.

அவ்வாண்டு அக்டோபரில் கத்தலோனியா ராலியின்போது டொயோட்டா குழுவினரின் வண்டிகளைப் பரிசோதகர்கள் பிரித்துப் பார்த்தார்கள். வளையம் இருந்தது, அளவும் சரியாக இருந்தது. ஆனால் காற்றுக் குழாயை அதன் இடத்தில் வைத்து இறுக்கும்போது, உள்ளே மறைந்திருந்த வில் தட்டுகளின் எதிர்ப்பை மீறி வளையம் சற்றே நகர்ந்து, பக்கத்தில் ஒரு வழி திறக்கும்படி அமைந்திருந்தது. வளையத்தைத் தொடாமலே அந்த வழியாகக் காற்று உள்ளே பாய்ந்தது. பரிசோதனைக்காகக் குழாயைக் கழற்றினாலோ, வில் விரிந்து வழி தானே மூடிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் முறையாகவே இருக்கும். இதனால் நான்கில் ஒரு பங்கு அதிகக் காற்று கிடைத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சங்கத்தின் தலைவரே அந்தக் கருவியின் நுட்பத்தை வெளிப்படையாக வியந்து பேசினார். வியந்துகொண்டே தண்டித்தார் என்பது வேறு. நவம்பர் மாதத்தில் அந்தக் குழுவின் அவ்வாண்டுப் புள்ளிகள் அனைத்தும் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு முழுவதும் பந்தயத்தில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டது.

யூஹா கான்குனென் என்னும் ஃபின்லாந்து வீரர் அந்தக் குழுவுக்காக ஓட்டியவர். அதற்குமுன் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர். கத்தலோனியாவுக்கு வந்தபோது புள்ளிப் பட்டியலில் முன்னணியில் இருந்தவர். ஓட்டியவர்களுக்கு இந்தச் சூழ்ச்சி தெரியும் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் அவருடைய புள்ளிகளும் போயின. பட்டம் ஸ்காட்லாந்து வீரர் காலின் மெக்ரேயைச் சேர்ந்தது. கான்குனெனுக்கு ஐந்தாவது பட்டம் பிறகு எப்போதும் கிட்டவில்லை. அறிவின் கூர்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிலர் இந்த வளையத்தைப் பாராட்டக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பாராட்டில் மனம் செல்வதில்லை. அத்தனை கூர்மையும், தன் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்றே அறியாத ஒருவனுடைய உழைப்பை அழிப்பதில் போய் முடிந்தது.

இவ்வளவையும் கேட்டபின் என் மருமகன், “அப்படியானால் முதலாவதையே வாங்கிவிடுகிறேன்” என்றான். எண்ணெய் தோய்ந்த பருத்தி வடிகட்டி கலிபோர்னியாவின் பாலைநிலப் பந்தயங்களில் பெயர் பெற்றது. கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் கழுவியபின் எண்ணெயை மிகுதியாகத் தடவிவிட்டால், காற்றின் அளவை உணரும் மெல்லிய கம்பியின்மேல் அது படிந்து கணக்கைக் கெடுக்கும். புழுதியை எந்த வடிகட்டி எவ்வளவு தடுக்கிறது என்பதை வாய்ப்பேச்சால் தீர்மானிக்க வேண்டியதில்லை; அதற்கு உலகப் பொதுவான சோதனை முறை இருக்கிறது. அந்தச் சோதனைக்குரிய புழுதிக்கு அரிஸோனாப் புழுதி என்றே பெயர். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்து மண்ணை வாரிச் சலித்துத் தரப்படுத்தியதிலிருந்து வந்த பெயர் அது. மண்ணுக்கும் தரம் பார்த்து விலை வைக்கும் காலம்! கடைக்காரரிடம் போய், இந்த மூன்றுக்கும் அந்தச் சோதனையின் முடிவைக் கேட்டுவா என்று அனுப்பினேன். அவரிடம் ஒன்றுக்கும் இல்லை.

மறுநாள் வண்டியை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அங்கே சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி ஓட்டும் சோதனை மேடை இருக்கிறது. வடிகட்டிக்கும் டர்போச்சார்ஜருக்கும் இடையிலுள்ள குழாயில், ஏற்கெனவே இருந்த ஒரு சிறு முனையோடு ரப்பர்க் குழாயை இணைத்து, மறுமுனையை நீர் நிரப்பிய U வடிவக் கண்ணாடிக் குழாயில் பொருத்தினோம். பள்ளியில் நீங்கள் பார்த்திருக்கும் அதே குழாய்தான். முழு வேகத்தில் ஓட்டியபோது ஒரு பக்கத்து நீர் மேலேறியது. இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு 20 அங்குலத்தை நெருங்கியது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் அது இருபதில் ஒரு பங்கு. நான் கணக்கில் சொன்னேனே, அந்த 5 தான்.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே இருந்த காகித வடிகட்டி செம்மண் நிறத்தில் இருந்தது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் அதை எப்போது மாற்றினாரோ தெரியவில்லை. பெட்டியின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் புழுதி வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு உட்புறம் போன தடம் விரல்விட்டுத் தேய்த்தால் நறநறவென்று தெரிந்தது. பெட்டியின் வாயோ, முகப்பு விளக்குக்குப் பின்னால், வெளிக்காற்று படும் இடத்தில், மழைநீர் எட்டாத உயரத்தில் அமைந்திருந்தது. அதைச் செய்தவர்கள் இடத்தை யோசித்தே வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பொருளின் குழாய் முன்முகத்தின் அடியில் வந்து நிற்கும். ஐப்பசி மழையில் ரயில் பாலத்தின்கீழ் நிற்கும் நீரில் இறங்கினால், எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் அழுத்தத்துக்கு இடம் கொடாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

வண்டிக்கு உரிய புதிய காகித வடிகட்டியையும் புதிய ரப்பர் விளிம்பையும் வாங்கிவந்து பொருத்தி, மறுபடியும் ஓட்டினோம். கண்ணாடிக் குழாயில் வேறுபாடு 10 அங்குலத்துக்கு வந்துவிட்டது.

அவன் சற்று நேரம் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “ஆனால் மாமா, அந்தக் கூம்பை வைத்தால் டர்போ சுழலும் ஓசை உஸ்ஸென்று வெளியே கேட்குமாமே” என்றான். கேட்கும்தான். அதை நான் மறுக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போனான்.